விடுப்பும் விடுதலையும்

கோபுரத்துக்குள் வரும் பிள்ளையிடமிருந்து முதலில் எடுப்பது ரத்தம். கொஞ்சம்தான், ஒரு கண்ணாடிக் குப்பியில் அடங்கிவிடும். அதன் பிறகு அந்தப் பிள்ளை எந்த மலைக்கு ஓடினாலும், எந்தத் துறைமுகத்தில் ஒளிந்தாலும், குப்பியைக் கையில் வைத்திருக்கும் காவலனுக்கு வழி தெரிந்துவிடும். பயோவேர் நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ விளையாட்டில் இந்தக் குப்பிக்கு ஃபிலாக்டரி என்று பெயர். தீடாஸ் என்ற அந்தக் கற்பனை உலகில், மந்திர ஆற்றலோடு பிறந்த பிள்ளைகளைத் திருச்சபை சர்க்கிள் என்னும் கோபுரங்களுக்குக் கொண்டுபோய்விடுகிறது. டெம்ப்ளர் எனப்படும் வாள்வீரர்கள் காவல் காக்கிறார்கள். அந்த மந்திரவாதிகளுக்கு வெளியே போக எவ்வளவு சுதந்திரம் இருந்தது என்ற கேள்வி பல ஆண்டுகளாக என்னை விடவில்லை. கற்பனை உலகத்துக் கேள்விதானே என்று ஒதுக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

சர்க்கிள் பிறந்த கதையே விசித்திரமானது. பழைய நாட்களில் மந்திரவாதிகளைத் திருச்சபை வேறு எதற்கும் விடாமல், கோயில்களில் அணையா விளக்கேற்றும் வேலைக்கு மட்டும் வைத்திருந்தது. மலையைப் புரட்டக்கூடியவர்கள் திரி தூண்டிக்கொண்டும் தூசி தட்டிக்கொண்டும் இருந்தார்கள். ஒருநாள் வால் ராயோ நகரத்துப் பேராலயத்தில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, பாடகர் மாடத்தில் ஏறித் தடுப்புப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். தலைமைக் குருவான இரண்டாம் அம்ப்ரோசியா தன் சொந்த ஆலயத்தின் மீதே படையெடுக்கத் துணிந்தார். டெம்ப்ளர்களே அவரைத் தடுத்தார்கள். 21 நாட்கள் விளக்கு எரியவில்லை. மேலும் கீழுமாகக் கத்தியே பேச்சுவார்த்தை நடந்ததாம். முடிவில் நகரத்துக்கு வெளியே தொலைவான ஒரு கோட்டைக்கு அவர்களை அனுப்பினார்கள். அவர்களும் மகிழ்ச்சியோடு போனார்கள்.

அந்த மகிழ்ச்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். விளக்குத் திரியிலிருந்து தப்பித்தவர்களுக்குக் கோட்டைச் சுவர் பெரிதாகத் தெரியவில்லை. படிக்கலாம், மந்திரம் பழகலாம், தங்களைப் போன்றவர்களோடு வாழலாம். அவர்களுக்கு அது விடுதலை. அவர்களுக்குப் பின் அதே சுவருக்குள் வந்த குழந்தைகளுக்கு அது சிறை.

வெளியே போகவே முடியாது என்று சொல்வதும் சரியல்ல. ஆஸ்டகார் போர்க்களத்தில் மன்னனின் படையோடு சர்க்கிள் மந்திரவாதிகள் நின்றார்கள். வின் என்ற மூத்த மந்திரவாதி அங்கிருந்து உயிரோடு திரும்பியவர். பிறகு தேசம் முழுக்கப் பயணம் செய்கிறார். விவியென் என்ற இன்னொரு மந்திரவாதி ஒரு பேரரசியின் அரசவையில் பட்டு உடுத்தி நடமாடுகிறார். கோபுரமே வேண்டும் என்று வாதிடுபவரும் அவர்தான். வாசல் இருந்தது, அது திறக்கவும் செய்தது. போருக்கு ஆள் தேவைப்பட்டபோது திறந்தது, அரசவைக்கு அலங்காரம் தேவைப்பட்டபோது திறந்தது, நன்னடத்தைக்குப் பரிசாகவும் திறந்தது. வின்னுக்குக் கோபுரத்திலேயே ஒரு மகன் பிறந்தான். பிறந்தவுடன் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குழந்தையைத் தேடிப் போக அவருக்குப் பல ஆண்டுகள் வாசல் திறக்கவில்லை.

தமிழில் விடுப்பு, விடுமுறை, விடுதி, விடுதலை எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனால் விடுப்பை யாரோ கையெழுத்திட்டுத் தரவேண்டும்; கொடுத்தவர் நினைத்தால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். வின்னுக்கும் விவியென்னுக்கும் கிடைத்தது விடுப்பு. வெளியில் எவ்வளவு தூரம் நடந்தாலும் அவர்களுடைய ரத்தக் குப்பி வேறொருவருடைய அலமாரியில்தான் இருந்தது.

நான் முதல்முறை விளையாடியபோது ஜோவனைக் காட்டிக்கொடுத்தேன். கின்லாக் ஹோல்ட் கோபுரத்தில் என்னோடு படிக்கும் நண்பன் அவன். உணர்ச்சியையும் கனவையும் அறுத்தெடுத்து, நெற்றியில் சூரியச் சின்னம் சுட்டு, ஆளை வெறும் கூடாக்கும் சடங்கு ஒன்று உண்டு. அது தனக்கு நடக்கப்போகிறது என்று தெரிந்து, நிலவறைக்குப் போய்த் தன் குப்பியை உடைக்க உதவி கேட்கிறான். நான் நேராகக் கோபுரத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று நினைத்தேன். அகப்பட்ட நேரத்தில் ஜோவன் தன் கையைக் கீறி ரத்த மந்திரம் செய்து தப்பித்துப் போனான். எனக்கு முதலில் தோன்றியது, நான் செய்தது சரிதான் என்று. அந்த எண்ணத்திலிருந்து வெளியே வர எனக்கு வெகுகாலம் ஆனது.

அச்சம் பொய்யல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். தீடாஸில் மந்திரவாதியின் கனவுக்குள் பேய்கள் வந்து பேரம் பேசும். ஒப்புக்கொண்டால் உடல் அவற்றுடையது. கின்லாக் ஹோல்டிலேயே உல்ட்ரெட் என்பவனின் கலகம் ஒரே நாளில் கோபுரத்தைப் பிணக்காடாக்கியது. மந்திரவாதிகளே ஆளும் டெவிண்டர் பேரரசில் அடிமைச் சந்தை நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இரவில் பேயாக மாறக்கூடும் என்றால் நானும் சுவர் கேட்டிருப்பேன். சுவர் கேட்டவர்களை நான் வெறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சுவர் என்ன செய்தது என்பதற்கு ரெட்கிளிஃப் சாட்சி. அந்த ஊர்ப் பிரபு ஈமனுக்குக் கானர் என்று ஒரே மகன், சின்னப் பையன். அவனுக்கு மந்திரம் வருகிறது என்று தாய் இசோல்டுக்குத் தெரிந்துவிட்டது. வெளியே தெரிந்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். மந்திரவாதிக்குத் தந்தையின் பட்டமும் வராது. அதனால் மறைத்தாள், கணவனிடமிருந்தும் மறைத்தாள். அடக்கக் கற்றுக்கொடுக்க ஓர் ஆசான் வேண்டுமே. கோபுரத்தில் நல்லாசான்கள் நிறைய இருந்தார்கள், அவர்களைக் கூப்பிட வழியில்லை. கிடைத்தவன் ஓடிவந்த ஜோவன். அவனோ ஒரு தளபதியின் சொல் கேட்டு ஈமனுக்கு நஞ்சு வைக்க வந்தவன். தந்தை படுக்கையில் கிடப்பதைப் பார்த்த பிள்ளை, அவர் உயிரைக் காக்கப் பேயோடு பேரம் பேசினான். அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் கோட்டையிலிருந்து பிணங்கள் இறங்கி வந்து ஊராரைக் கொன்றன.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? அந்தத் தாயை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு சின்னக் கேள்வி வந்தது. கோபுரத்துக்குப் போன பிள்ளை அறுவடைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து போகலாம் என்று இருந்திருந்தால் அவள் மறைத்திருப்பாளா? படிக்க அனுப்பியிருப்பாள். அழுதுகொண்டாவது அனுப்பியிருப்பாள். திரும்பி வராத இடத்துக்கு எந்தத் தாயும் பிள்ளையைத் தானாக அனுப்புவதில்லை. சுவர் எதைத் தடுக்க எழுப்பப்பட்டதோ, அதையே அந்தச் சுவரின் பயம் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தது. கானரைக் கொல்லாமல், அவன் தாயையும் பலி கொடுக்காமல் காப்பாற்ற விளையாட்டில் ஒரு வழி உண்டு: ஏரிக்குள் நிற்கும் கோபுரத்துக்குப் போய் மந்திரவாதிகளை அழைத்துவர வேண்டும். அவர்கள் வெளியே வந்தால்தான் பிள்ளை பிழைக்கிறான்.

அதன் பிறகு நான் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். வெளியே போக முடியுமா என்று மட்டும் கேட்டால் போதாது, போனவர் திரும்பி வர முடியுமா என்றும் கேட்க வேண்டும். ஆண்டர்ஸ் என்ற மந்திரவாதி கின்லாக் ஹோல்டிலிருந்து ஏழு முறை தப்பித்தான். பிடிபட்டு ஓராண்டு தனிச்சிறையில் கிடந்தான். போய்விட்டு மாலைக்குள் வா என்று ஒருநாளாவது யாராவது அவனிடம் சொல்லியிருந்தால்? கடைசியில் கிர்க்வால் நகரத்தின் ஆலயத்தை, உள்ளே இருந்தவர்களோடு சேர்த்துத் தகர்த்தவன் அவன். அந்தச் சாவுகளுக்கு நான் நியாயம் சொல்லமாட்டேன். ஏழு ஓட்டங்களையும் அந்த ஒரு வெடிப்பையும் பிரித்துப் பார்க்கவும் என்னால் முடியவில்லை.

தீடாஸில் குனாரிகள் என்னும் வேறொரு சமூகத்தாரின் கதை இன்னும் கடுமையானது. அவர்கள் மந்திரவாதியின் வாயைத் தைத்து, கழுத்தில் பட்டை மாட்டி, ஒரு காவலனின் பார்வையிலேயே வைத்திருப்பார்கள். இரண்டாம் விளையாட்டில் கெட்டோஜன் என்று பெயர் பெறும் அப்படி ஒருவனைக் காவலனிடமிருந்து நாம் மீட்க முடியும். காவலன் செத்துவிட்டான், சங்கிலி இல்லை, வழி திறந்திருக்கிறது. அவன் போகவில்லை. காவலனின் பார்வையை விட்டு விலகியிருந்ததால் தன்னைப் பேய் தீண்டியிருக்குமோ என்று தனக்கே தெரியாது என்கிறான். தன் நெருப்பிலேயே தன்னை எரித்துக்கொள்கிறான். இனி திரும்ப அவனுக்கு ஓர் இடம் இல்லை. இருக்கலாம் என்று அவனுக்கு யாரும் கற்பிக்கவும் இல்லை. கோபுரத்துக் காவலர்களும் கட்டுண்டவர்களே. டெம்ப்ளர்களுக்கு லிரியம் என்ற பொருளை ஊட்டிப் பழக்கி, அது கிடைக்காமல் வாழ முடியாதபடி திருச்சபை வைத்திருந்தது.

நம் மொழி வசிக்கும் இடத்துக்கும் வீடு என்கிறது, இறுதி விடுதலைக்கும் வீடு என்கிறது. பள்ளியில் அறம், பொருள், இன்பம், வீடு என்று மனப்பாடம் செய்தபோது அதன் ஆழம் எனக்கு எட்டவில்லை. கற்பனைக் கோபுரம் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தபின் எட்டியது. போகவும் திரும்பவும் முடிகிற இடமே வீடு. போக மட்டும் முடிந்தவன் அகதி, போகவே முடியாதவன் கைதி. ஒருவனுக்கு வீட்டை மறுத்துவிட்டு விடுதலையை மட்டும் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுக்க முடியாது.

தீடாஸிலும் அப்படி ஓர் இடம் இருந்தது. ரிவெய்ன் நாட்டு டேர்ஸ்முயிட் சர்க்கிளில் மந்திரவாதிகள் தங்கள் குடும்பத்தோடு தாராளமாகப் பழகினார்கள். பெண்கள் தங்கள் மரபின்படி குறிசொல்லும் கலையையும் பயின்றார்கள். திருச்சபையின் ஆட்கள் வந்து பார்த்தார்கள். கோபுரத்தையே கூண்டோடு அழிக்கும் உரிமையைப் பயன்படுத்தி எல்லோரையும் கொன்றார்கள். அதற்கு முந்தைய 700 ஆண்டுகளில் 17 முறை பயன்பட்ட உரிமை அது. குடும்பம் வந்து போன வாசலைத்தான் அவர்கள் குற்றமாகக் கண்டார்கள்.

மற்ற சர்க்கிள்களில் மந்திரவாதிகள் கலகம் செய்த காலம் அது; தேசமெங்கும் சர்க்கிள்கள் கலைந்தன. 2014இல் வந்த மூன்றாம் விளையாட்டில், அடைக்கலம் தேடிய மந்திரவாதிகளால் ரெட்கிளிஃப் நிறைந்திருக்கிறது. நீங்கள் முன்பு கானரைப் பிழைக்க வைத்திருந்தால், அந்தக் கூட்டத்தில் தேடிப்பாருங்கள். இளைஞனாகிவிட்ட கானர், தான் பிறந்த ஊரில் நின்றுகொண்டிருப்பான்.