கை வேண்டும், ஆள் வேண்டாம்

2020 மார்ச் மாதம். கொரோனாவுக்கு அஞ்சி கலிஃபோர்னியாவே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. விடியுமுன் தோட்டத்துக்குக் கிளம்பிய மெக்சிகோத் தொழிலாளர்கள் பலரின் சட்டைப்பையில் மட்டும் நாலாக மடித்த ஒரு கடிதம் இருந்தது. முதலாளி கொடுத்தது. இவர் அத்தியாவசியப் பணியாளர், வழியில் நிறுத்தாமல் வேலைக்குப் போக விடுங்கள் என்பது அதன் சாரம். யார் அத்தியாவசியம் என்று பட்டியல் போட்டது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. அவரிடம் குடியேற்ற ஆவணம் இல்லையென்றால் பிடித்து நாடு கடத்தும் அதிகாரிகளும் அதே துறையின் கீழ்தான் இருக்கிறார்கள்.

அதே மாதம் ஆளுக்கு 1,200 டாலர் வரை நிவாரணம் அறிவிக்கப்பட்டது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத அந்தத் தொழிலாளிக்கு அதில் ஒரு காசு கிடையாது. அவரோடு கூட்டாக வரிக்கணக்குக் காட்டியிருந்தால், அமெரிக்கக் குடியுரிமை உள்ள அவர் மனைவிக்கும் கிடையாது. மனைவிக்கு மட்டும் ஆண்டுக் கடைசியில் விதியைத் திருத்தினார்கள்.

“சட்டத்தை மீறி வந்தவர்தானே, அவருக்கு எதற்குச் சலுகை?” என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறைய. சரி, அந்தச் சட்டத்தையே எடுத்துப் பார்ப்போம். 1952இல் அமெரிக்கா கொண்டுவந்த குடியேற்றச் சட்டம், ஆவணமில்லாமல் வந்தவரை மறைத்து வைத்து அடைக்கலம் கொடுப்பதைக் குற்றமாக்கியது. கூடவே ஒரு விலக்கு: வேலைக்கு வைத்துக்கொள்வது அடைக்கலம் ஆகாது. டெக்சாஸ் பண்ணையார்களின் நலனுக்காக நுழைந்த விலக்கு என்பதால் ‘டெக்சாஸ் விலக்கு’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. இரக்கப்பட்டு ஒளித்து வைத்தவர் சிறைக்குப் போகலாம். வெயிலில் பருத்தி எடுக்க வைத்தவர் வீட்டுக்குப் போகலாம். 34 ஆண்டுகள் இதுதான் நிலைமை. 1986இல் ‘தெரிந்தே’ வேலை கொடுப்பது குற்றமாக்கப்பட்டது. ஆனால் காட்டிய அடையாளச் சீட்டு பார்வைக்கு உண்மையானதாகத் தோன்றினால் போதும், முதலாளிக்குத் தெரியாது என்றே பொருள்.

சட்டம் எனக்கும் முக்கியம்தான். ஆனால் இரக்கத்தைத் தண்டித்து, ஆதாயத்தை விட்டுவிடும் ஒரு சட்டத்தை மீறியதற்காக ஒரு மனிதனை ‘சட்டவிரோதமானவன்’ என்று முத்திரை குத்துவதை என் அறிவு ஏற்கவில்லை. செயல் சட்டவிரோதமாக இருக்கலாம். ஆள் எப்படிச் சட்டவிரோதம் ஆவான்?

இந்தக் கதை 1952இல் தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, 1942இல் அமெரிக்காவே மெக்சிகோவோடு ஒப்பந்தம் போட்டு ஆள் கூப்பிட்டது. ‘பிராசெரோ’ திட்டம். ஸ்பானிய மொழியில் ‘பிராசோ’ என்றால் புயம். பெயரிலேயே கை மட்டும்தான் இருக்கிறது. 1964 வரை நடந்த அந்தத் திட்டத்தில் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. தேர்வு மையத்தில் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். காய்ப்புக் காய்த்திருந்தால் உழைத்த கை, எடுத்துக்கொள்ளலாம். பிறகு ஆடையைக் கழற்றச் சொல்லி, வரிசையாக நிற்க வைத்து, பூச்சி மருந்தான டிடிடி தூளை முகத்திலும் உடம்பிலும் அடிப்பார்கள். முதல் சில ஆண்டுகளில் கூலியில் நூற்றுக்குப் பத்தைச் சேமிப்பு என்று பிடித்தார்கள். அந்தப் பணம் பலருடைய கைக்கு வந்து சேரவே இல்லை. திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 1954இல் மெக்சிகோக்காரர்களைக் குறிக்கும் ஓர் இழிசொல்லையே பெயராக வைத்து அரசு பெரும் ஆள்பிடிப்பு நடத்தியது. ஒரு கை கூப்பிட்டது, இன்னொரு கை துரத்தியது.

அப்போது வயலில் புழங்கிய கருவியைச் சொல்ல வேண்டும். இரண்டடி கூட இல்லாத பிடி போட்ட களைக்கொத்து. ‘எல் கோர்ட்டிட்டோ’ என்பார்கள், குட்டை என்று பொருள். கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்டூஸ் கீரைப் பாத்திகளில் நாள் முழுக்க இடுப்பை இரண்டாக மடித்தபடியே நகர வேண்டும். நீளப் பிடி போட்டிருக்கலாமே? செடி கெட்டுப்போகும் என்றார்கள் பண்ணைக்காரர்கள். மேஸ்திரிக்கு அதில் வேறொரு வசதி இருந்தது: யாராவது நிமிர்ந்தால் அவர் வேலை செய்யவில்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முதுகெலும்பு தேய்ந்த ஆயிரக்கணக்கான பேருக்குப் பிறகு, 1975இல் கலிஃபோர்னியா அதைத் தடை செய்தது. நீளப் பிடி வந்த பிறகும் லெட்டூஸ் நன்றாகவே விளைந்தது.

ஆவணமில்லாதவர் குறைந்த கூலிக்கு வந்து உள்ளூர்க்காரனின் வயிற்றில் அடிக்கிறார் என்ற வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். செசார் சாவேசின் விவசாயத் தொழிலாளர் சங்கமே 1974இல் அந்தக் கோபத்தில் ஆவணமற்றவர்களைக் குடியேற்ற அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தது. ஆனால் ஆவணமற்றவர் ஏன் குறைந்த கூலிக்குச் சம்மதிக்கிறார்? வாய் திறந்தால் நாடு கடத்துவார்கள் என்ற பயம். கூலியைக் குறைப்பது அந்தப் பயம். அதை உண்டாக்கியது யார் என்று பார்த்தால் கோபம் சரியான வாசலுக்குப் போய்ச் சேரும்.

“நாங்கள் முறைப்படி வரிசையில் நின்று வந்தோம்” என்று அமெரிக்காவில் இருக்கும் நம் உறவினர்கள் சொல்லக் கேட்கிறோம். அவர்களின் காத்திருப்பு பொய்யில்லை. ஆனால் தக்காளி பறிப்பவருக்கு அந்த வரிசை எங்கே இருக்கிறது? பயிற்சி தேவைப்படாத வேலைக்காரர்களுக்கான நிரந்தரக் குடியிருப்பு அட்டைகளுக்கு 1990இல் வைத்த உச்சவரம்பு, உலகம் முழுமைக்கும் சேர்த்து, ஆண்டுக்கு 10,000. பிறப்பைக் காரணம் காட்டி கோயில் கருவறைக்குள் விடாதே என்றால் கொதிக்கும் நாம், இரு நாட்டு எல்லையான ரியோ கிராண்டே ஆற்றின் எந்தக் கரையில் பிறந்தாய் என்ற கேள்விக்கு மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்? அங்கே நிற்பவரும் தான் பிறக்கும் கரையைத் தேர்ந்தெடுத்து வந்தவர் இல்லை.

இத்தனைக்கும் அவர் வாங்கியதைவிடக் கொடுத்தது அதிகம். ஆவணமற்ற தொழிலாளர்களால் 2010ஆம் ஆண்டில் மட்டும் ஓய்வூதிய நிதிக்கு நிகரமாகச் சுமார் 1,200 கோடி டாலர் வரவு என்று அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகமே கணக்கிட்டது. அந்த ஓய்வூதியத்தை அவர்களில் பெரும்பாலோர் பெறவே முடியாது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டியின் மாத்திரைச் செலவுக்கு அது போகிறது. ஒருவருடைய உழைப்பைச் சாப்பிட்டவர், ‘நீ இங்கே இருக்கக் கூடாது’ என்று சொல்லும் தகுதியை இழந்துவிட்டார் என்பதே என் கட்சி.

1948 ஜனவரி 28 அன்று மெக்சிகோத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பிய விமானம் ஒன்று கலிஃபோர்னியாவின் லாஸ் கேட்டோஸ் பள்ளத்தாக்கில் எரிந்து விழுந்தது. அதில் இருந்த அமெரிக்கர் நான்கு பேரின் பெயர்களையும் பல செய்திகள் சொல்லின. மற்ற 28 பேர் வெறும் ‘நாடு கடத்தப்பட்டவர்கள்’. ஃப்ரெஸ்னோ நகரக் கல்லறையில் ஒரே குழியில் புதைத்து, 28 மெக்சிகோக் குடிமக்கள் என்று ஒரு சின்னக் கல் பதித்தார்கள். அந்த 28 பேருடைய பெயர்களும் கல்லில் ஏறியது 2013 செப்டம்பரில்.