முதுசமும் அதன் உடையோரும்

முன்னோர் ஈட்டிய நிலத்தை வழித்தோன்றல் தன் உடைமையாகக் கொள்கிறானா, அன்றிப் பொறுப்பாகக் கொள்கிறானா? ஈழத்து வட புலத்தில் இவ்வினா புதியதன்று. ஒல்லாந்தர் ஆணைப்படி 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை, பெற்றோர் வழிவந்த முதுசத்தையும் மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டத்தையும் வேறு பிரித்தே நோக்கிற்று. நிலத்தை விற்க முனைவோன் பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும் எனவும் விதித்தது. கையிலுள்ளது முழுவதும் தன்னதன்று என்னும் உணர்வு இவ்விதியின் அடியில் உண்டு.

பிரான்சு நாட்டிலே தலைமுறை தலைமுறையாகத் திராட்சைத் தோட்டங்களை ஆண்டு மது வடிக்கும் குடும்பங்கள் தம் தொன்மையைப் பெரிதும் போற்றுவன. ஆயின் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிலொக்சரா என்னும் பூச்சி வேர்களைத் தாக்கி அந்நாட்டுக் கொடிகளைப் பெருமளவு அழித்தது. அமெரிக்கக் கொடிகளின் வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடிகளை ஒட்டியே தோட்டங்களை மீட்டனர். இன்று மரபு எனப் பாராட்டப்பெறும் கொடிகளுட் பெரும்பாலன அயல்வேரில் நிற்கின்றன. மாறாதிருந்தமையால் அன்று, பேணுவோர் இருந்தமையாலேயே அம்மரபு பிழைத்தது.

இதனைக் கொண்டு, பேணுபவனே உடையவன் என முடிவுகட்டத் தோன்றும். அம்முடிவை மன்னார்த் தீவு தடுக்கிறது. கள்ளும் கருப்பநீரும் தரும் பனையே அங்குத் தலைமுறைச் செல்வம். பனையை ஒட்டுக்கட்ட இயலாது. விதையிட்டே வளர்த்தல் வேண்டும். பூப்பதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் செல்லும். ஆணோ பெண்ணோ என்பதும் அப்போதுதான் புலனாகும். நடுபவன் பெரும்பாலும் தன் மக்களுக்கே நடுகிறான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி முதலிய தீவின் ஊர்கள் வெறுமையாயின. போரினால் தமிழரும் பன்முறை இடம்பெயர்ந்தனர். (முஸ்லிம்கள் தேசவழமைக்கு உட்பட்டோர் அல்லர், எனினும் இங்கு எழும் வினா இரு சாராருக்கும் ஒன்றே.) 2009இன் பின்னர் மீண்டவரை நோக்கி, பேணாத உமக்கு உரிமை ஏது என வினவுதல் தகுமா? கைவிட்டவனும் துரத்தப்பட்டவனும் ஒருவரல்லர். பத்தாண்டு எதிரிடையாக நிலத்தை ஆண்டவனுக்கு உரிமை வழங்குவது இலங்கைச் சட்டம். போரினால் வழக்காட இயலாதோர்க்கு அதினின்றும் விலக்களிக்க, 2016இல் தனிச் சட்டமொன்றே இயற்ற வேண்டியதாயிற்று.

இனி, இடையில் வந்து அந்நிலத்தில் நட்டவன் நிலை யாது? அவனும் பலவேளை ஓர் அகதியே. நிலம் உரியவனையே சேர்தல் வேண்டும். நட்டவனின் உழைப்புக்கு ஈடு தரும் கடன் அரசினுடையது என்பது என் துணிபு. திரும்பி வந்த ஏழைமீது அக்கடனைச் சுமத்துதல் இரண்டாம் முறை துரத்துவதாகும்.