பணிவு யாருக்குச் சொல்ல வேண்டிய பாடம்?

பணிவைப் பற்றிய புத்திமதி எங்கள் சப்ரகமுவத் தோட்டங்களில் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் போகிறது. மேலே இருப்பவர் சொல்வார், கீழே இருப்பவர் கேட்பார். 200 வருஷமாகத் தலை குனிந்து உழைத்த சனங்களுக்கே இன்னும் அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறோம். அது போய்ச்சேர வேண்டிய இடம் வேறு என்பது என் எண்ணம்.

இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் நேரம். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா கூடையை இறக்கிவிட்டு, இடுப்புப் படங்கில் ஈரக் கையைத் துடைத்தபடி தராசடியில் நிற்கிறார். நிறுக்கிறவருக்கு அவருடைய கடைசி மகன் வயது இருக்கும். கைபேசி அடிக்கிறது. கதிரையை விட்டு எழும்பி நின்று, “சரிங்க தொரை, இப்பவே செஞ்சிர்றேங்க தொரை” என்கிறார். பேசி முடித்த கையோடு அந்த அம்மாவைப் பார்த்து, “ஏய் கெழவி, தண்ணிக்கும் சாக்குக்கும் ரெண்டு கிலோ வெட்டியாச்சு, நவுரு” என்கிறார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் அரை நிமிஷம்கூட இல்லை.

அந்த இளைஞரை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தோட்டம் அவருக்குக் கற்றுக்கொடுத்த முறை அது. பெரிய துரை, சின்ன துரை, கிளாக்கர், கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி, அவருக்குக் கீழே தொழிலாளி, தொழிலாளிக்கும் கீழே லயம் என்ற வரிசை வீடுகளின் கான் கழுவுகிறவர். மேலிருந்து வாங்கிய ஏச்சை அப்படியே கீழே இறக்கிவிடுவதுதான் இந்த வரிசையின் பழக்கம். துரைக்கு முன்னால் அந்த இளைஞர் காட்டியதைப் பணிவு என்று எப்படிச் சொல்வது? அது பயம். தனக்கு நன்மையோ கெடுதலோ செய்ய முடியாத ஒரு மனிதருக்கு முன்னால் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் பணிவு தெரியும்.

தோட்டத்து மக்களின் இந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தது. லயத்தில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் தோட்டத்து மக்கள் தாக்கப்பட்டார்கள். இத்தனைக்கும் பிறகு ஒரு முதியவர் அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார் என்றால், அதைப் பார்த்து நாம் மகிழ முடியாது. வெட்கப்பட வேண்டும்.

இந்த வரிசையை மதிக்காமல் இறங்கி வந்தவர்களும் இருந்தார்கள். வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத வெள்ளைத் துரைமார் காலத்தில், தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் என்ற பத்திரிகையாளர் புடவை வியாபாரியாக உள்ளே போய், லயத்து வாழ்க்கையைக் கண்ணால் கண்டு எழுதினார். அவர் மனைவி மீனாட்சியம்மை தொழிலாளருக்கு நடுவே நின்று உரிமையைப் பாட்டாகச் சொன்னார். 1934–35இல் மலேரியா கேகாலை மாவட்டத்தைச் சூறையாடியபோது, லண்டனில் படித்துக் கலாநிதிப் பட்டத்தோடு திரும்பியிருந்த என்.எம். பெரேரா நிவாரண வேலைக்குக் கிராமங்களுக்குள் இறங்கினார். பருப்புக் கொடுத்ததால் சனங்கள் அவரைப் ‘பருப்பு மாத்தையா’ என்றார்கள். 1936இல் ருவன்வெல்லைத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. இவர்கள் இரக்கப்பட்டதோடு நிற்கவில்லை; அந்த மக்களின் கூலிக்கும் வாக்குக்கும் குரல் கொடுத்தார்கள். உரிமைக்குப் பதிலாகக் கொடுக்கும் இரக்கம் ஒருவரை இன்னும் கீழேதான் வைக்கும்.

கொடுக்கிற கையிலும் அகந்தை இருக்கலாம். 2016 மே மாத மழையில் அரநாயக்கவில் மலை சரிந்தபோது, புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயத்தையும் மண் மூடியது. அப்படியான அழிவுகளுக்குப் பிறகு நிவாரணம் கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர், படம் சரியாக விழும்வரை அரிசிப் பையைப் பிடித்தபடி அந்தத் தாயை வெயிலில் நிறுத்தி வைப்பார். இன்னொருவர் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, “பிள்ளைகளின் புத்தகமெல்லாம் என்னவாச்சு அக்கா?” என்று கேட்பார். இரண்டு பையிலும் அரிசி ஒன்றுதான். ஆனால் அந்தத் தாய் ஒரு மனுஷியாக நடத்தப்பட்டது இரண்டாவது ஆளிடம்தான்.

நம்மால் முடியாத காரியம் ஒன்றும் இல்லை. பலாபத்தலைப் பாதையில் சிவனொளிபாதமலை ஏறும்போது, முன்பின் தெரியாத சிங்களவரும் தமிழரும் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டு போகிறார்கள். அங்கே யாரும் யாருடைய உத்தியோகத்தையும் கேட்பதில்லை. மலையில் முடிகிறது என்றால் பிரதேச செயலகத்தில், ஆஸ்பத்திரியில், வங்கியில் ஏன் முடியாது?

ஆகவே பணிவுப் பாடம், தோட்டத்திலிருந்து படித்து வெளியே வந்து உத்தியோகம் பார்க்கும் எங்களிடமிருந்து தொடங்கட்டும். வயதில் மூத்தவரை ‘அம்மா’, ‘ஐயா’ என்று கூப்பிடுவோம். படிவம் நிரப்பத் தெரியாதவரை உட்கார வைத்து நிரப்பிக் கொடுப்போம். கொழும்பு வீடுகளில் வேலைக்கு நிற்கும் தோட்டத்துப் பிள்ளைக்குத் தனிக் கோப்பை வைக்கும் வழக்கத்தை விட்டொழிப்போம். நியாயமான சம்பளத்துக்கும் சொந்தக் காணிக்கும் வீட்டுக்கும் நீண்ட போராட்டம் தேவை; அதில் நாமும் நிற்க வேண்டும். மரியாதைக்கு அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. அதற்குச் சட்டமும் வேண்டாம், பாதீடும் வேண்டாம். அடுத்ததாக நமக்கு முன்னால் வந்து நிற்கப்போகிறவருக்கே அதைக் கொடுத்துவிடலாம்.