முதலில் குழந்தை, பிறகு கணக்கு

கனடாவின் மானிடோபா மாகாணத்தில், நார்வே ஹவுஸ் கிரீ என்னும் பூர்வகுடிச் சமூகத்தில் 1999இல் பிறந்தவன் ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன். பிறவியிலேயே சிக்கலான உடல்நலக் கோளாறுகள். இரண்டு வயதானபோது, மருத்துவமனையை விட்டு வளர்ப்புக் குடும்பத்திடம் போகலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பராமரிக்கும் செலவு யாருடையது? மத்திய அரசும் மாகாண அரசும் ஒன்றையொன்று கைகாட்டின. குளியலறைப் பூவாளிக் குழாய்க்கு யார் பணம் தருவது என்பதுவரை வாதம் நீண்டது. 2005இல், ஐந்து வயதில், ஒரு நாள்கூட வீட்டில் வாழாமலே அவன் இறந்துபோனான்.

இந்தச் சாவில் கொடியவர் என்று ஒருவரைச் சுட்டுவது கடினம். கோப்பைப் பார்த்தவர்கள் அவரவர் துறையின் விதிப்படி நடந்ததாகவே நினைத்திருப்பார்கள். உதவ வேண்டும் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. உதவ வேண்டியவர் யார் என்பதில்தான் வழக்கு. அந்த வழக்கு முடியும்வரை குழந்தையைக் காத்திருக்க வைக்கலாமா என்பது நிர்வாகக் கேள்வி மட்டுமல்ல, அறக் கேள்வி.

கிறித்தவ மரபில் இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு. லூக்கா நற்செய்தியின் நல்ல சமாரியன் உவமையில், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனது பலருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பின் வருவதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. சமாரியன் அவனைச் சத்திரத்தில் சேர்க்கிறான். சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுக்கிறான். மேற்கொண்டு ஆவதைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போகிறான். கணக்கே வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்கிறான். பொதுப்பணத்துக்குக் கணக்கு கேட்பது நியாயமே. எது முன், எது பின் என்பதுதான் இங்கே பேச்சு.

இந்த வேதத்தைக் கையில் வைத்திருந்த திருச்சபைகள்தான் கனடாவின் உறைவிடப் பள்ளிகளை நடத்தின என்பது வேதனை. பிள்ளைகளின் தலையை எண்ணி அரசு பணம் தந்தது. சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அங்கே வளர்ந்தார்கள். ஆன்மாவைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பியவர்கள் தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்தார்கள். 2022 ஜூலையில் போப் பிரான்சிஸ் ஆல்பர்ட்டாவின் மஸ்க்வாசிஸுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார்.

பள்ளிகள் மூடப்பட்ட பிறகும் பணம் பழைய வழியிலேயே ஓடியது. சிண்டி பிளாக்ஸ்டாக் தலைமையிலான குழந்தைநல அமைப்பும் பூர்வகுடிகளின் தேசியப் பேரவையும் 2007இல் தொடுத்த புகாரில், கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016 ஜனவரியில் இதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. குழந்தையைக் குடும்பத்திலிருந்து எடுத்துச் சென்றால், ஆகும் செலவை அரசு அப்படியே ஈடுகட்டியது. அதே குழந்தை வீட்டிலேயே இருக்கத் தாய்க்கு உதவ வேண்டுமென்றால், அளந்து வைத்த சிறு தொகைதான். பிரிப்பதற்குத் தாராளம், சேர்த்து வைப்பதற்குச் சிக்கனம். இப்படி எழுதப்பட்ட நிதிவிதி, ஏழைத் தாயைவிட அரசே நல்ல தாய் என்ற நம்பிக்கையைச் சட்டமாக்கிவிடுகிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 14 வயதுவரை உள்ளவர்களில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 விழுக்காடு, வளர்ப்பு வீடுகளில் இருந்தவர்களிலோ 53.8 விழுக்காடு.

ஜோர்டனின் பெயரால் ஒரு கொள்கை உருவானது. குழந்தைக்குத் தேவையானதை, முதலில் கேட்கப்பட்ட அரசு உடனே செய்ய வேண்டும். யார் பணம் என்ற சச்சரவைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். சமாரியன் வைத்த அதே வரிசை. 2007 டிசம்பரில் நாடாளுமன்றம் இதை ஒருமனதாக ஏற்றது. ஆனால் அரசு அதற்குத் தந்த விளக்கம் மிகக் குறுகியது; அதற்குள் அடங்கும் குழந்தை நாட்டில் ஒன்றுமே இல்லை என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தது. எழுந்து நின்று கைதட்டிய அவை, ஒரு சக்கர நாற்காலிக்குக்கூட வழி செய்யவில்லை.

இந்தப் பாகுபாட்டால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2,334 கோடி கனடிய டாலர் இழப்பீடு வழங்க 2023இல் நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அது நீதியின் ஒரு பகுதி மட்டுமே. போன குழந்தைப் பருவத்தை எந்தக் கருவூலமும் திருப்பித் தராது. வரப்போகும் பிள்ளைகளுக்காகப் பத்தாண்டுகளில் 4,780 கோடி டாலர் தரும் சீர்திருத்த ஒப்பந்தத்தை, 2024 அக்டோபரில் கல்கரியில் கூடிய பூர்வகுடித் தலைவர்களில் பெரும்பான்மையோர் நிராகரித்தார்கள். பேராசை என்று அதைத் தள்ளிவிட முடியாது. பத்தாண்டுக்குப் பின் என்ன உறுதி என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். ஒப்பந்தம் தொடங்கும் ஆண்டில் பிறக்கும் குழந்தைக்கு, அது முடியும்போது வயது பத்துதான் ஆகியிருக்கும்.