கழுத்தைச் செதுக்குதல்

மின்கிட்டாரின் கழுத்து கைக்குப் பருமனாக இருந்தால், அதன் பின்புறத்தை அரத்தால் இழைத்து மெலிதாக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. பழைய வாத்யம் என்றால் சேகரிப்பவர்கள் பதறுகிறார்கள்: அசல் கெட்டுவிட்டதாம்.

எனக்கு இந்த ‘அசல்’ பிடிபடுவதில்லை. கிப்ஸன் கம்பெனியின் லெஸ் பால் கிட்டாருக்கு 1959ல் கழுத்து பருமன். 1960ல் கம்பெனியே அதை மெலிதாக்கியது. இரண்டும் இன்று அசல்தான். தொழிற்சாலை செதுக்கினால் அசல், வாசிப்பவன் செதுக்கினால் சிதைவு என்பது உடைமையின் தர்க்கம். வாத்யம் வாசிக்கப்படவே இருக்கிறது.

ஆனால் கையின் சௌகர்யமே கடைசி நியாயம் என்பதையும் என்னால் ஒப்ப முடியவில்லை. ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ பாரத்துக்குச் சமமாகக் கழுத்தை இழுக்கின்றன. கைக்கு மிகையாகப் படும் மரம்தான் அந்த இழுப்பையும் தாங்குகிறது. உள்ளே, வளைவைச் சரிசெய்ய, ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. அளவு மீறி இழைத்தால் அதன் பள்ளம் வெளியே வந்துவிடும். போன மரம் திரும்பாது.

இதில் ஒரு விபரீதம் உண்டு. செதுக்கும்போது தந்திகளைக் கழற்றிவிடுகிறோம். மரம் எதைத் தாங்குகிறது என்பது, அதைக் குறைக்கத் தீர்மானிக்கும் அந்த வேளையில்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. சும்மா கிடக்கும் மரம் எப்போதும் அதிகமாகவே தோன்றும். மரபு, உறவு, மொழி எதைத் திருத்தப் புகுந்தாலும் நம் நிலை இதுதான் என்று படுகிறது.

செதுக்க எனக்கு உரிமை உண்டு. கொஞ்சம் இழைத்ததும் மறுபடி தந்தி பூட்டி, முறுக்கேற்றி, கழுத்து நிற்கிறதா என்று பார்க்கும் கடமையும் அந்த உரிமையிலேயே அடக்கம்.