பயோடேட்டாவில் வராதது

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கும்போது, "புதுசா யோசிப்பீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "போன கம்பெனியில் எந்த வேலை உங்களை உறுத்தியது? அதற்கு என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள்.

எடுத்துக்காட்டாக, கோவை அருணாசலம் முருகானந்தம் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனவர். மனைவிக்காகப் பஞ்சில் மாதவிடாய் நாப்கின் செய்து தோற்றார். கடை நாப்கினில் இருப்பது மரக்கூழ் இழை என்று கண்டறியவே ஆண்டுகள் ஆயின. விடாமல் நின்று, நாப்கின் செய்யும் மலிவான சிறு இயந்திரத்தை உருவாக்கினார். 2016-இல் பத்மஸ்ரீ பெற்றார். இப்படிப்பட்டவரை மதிப்பெண் காட்டாது. தோற்ற முயற்சிகளைச் சொல்லச் சொன்னால் தெரிந்துவிடும்.

அதனால், பிளாட்லாக் தையல் இயந்திரத்தில் மடிப்பு நேராக விழத் தானே தகடு வளைத்து மாட்டிய டெய்லரிடம் பேசுங்கள். கைமடிக்கும் அக்காவிடமும்தான்; அவரிடம் இதுவரை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்கள்.