திருமேனியும் ரக்ஷையும்



மண்ணையும் கல்லையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்பது நம் ஆகமத்தின் துணிபு. பிருத்வி காயிக ஜீவன்கள் என்று அவற்றைப் பெரியோர் வகுத்தனர். அங்ஙனமாயின், அச்சணந்தி அடிகள் மலைதோறும் சென்று உளி கொண்டு திருமேனிகள் செய்வித்தது அஹிம்ஸைக்கு எங்ஙனம் பொருந்தும் என்று இளைஞர் ஒருவர் நம்மை வினவினார். வினா நியாயமானதே. விடை காண மதுரை மலைகளுக்குத்தான் செல்ல வேண்டும்.

யானைமலையிலும், அரிட்டாபட்டியின் கழிஞ்சமலையிலும், கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் உள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களை உற்று நோக்குங்கள். பாறையின் முகத்தில் ஆழமின்றிக் குடைந்த புடைப்புச் சிற்பங்கள் அவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் மலை மலையாகவே நிற்கின்றது. அதன் சுனை வற்றவில்லை. இல்லறத்தார்க்குத் தவிர்க்கவொண்ணாத ஹிம்ஸையை அளவாலும் நோக்கத்தாலும் எடை போடுவது நம் மரபு. இறைவன் உருவை மலையினின்று பெயர்த்தெடாமல், மலையின் உடலிலேயே தங்கச் செய்தமையால், அவ்வுருவை வணங்குவோர் அம்மலையையும் வணங்குவோர் ஆயினர்.

இதனினும் நுட்பமான செய்தி சிற்பத்தின் அருகே வட்டெழுத்தில் உள்ளது. செய்வித்தவர் பெயரோடு கல்வெட்டு நின்றுவிடவில்லை. அத்திருமேனி யாருடைய ரக்ஷை, அதாவது யாருடைய காவல் என்பதையும் பொறித்துள்ளது. கழிஞ்சமலைத் திருமேனி பாதிரிக்குடியார் காவலில் விடப்பட்டது. யானைமலையில் அச்சணந்தியார் செய்வித்த உருவம் நரசிங்கமங்கலத்துச் சபையாரின் காவலில் விடப்பட்டது. அடிவாரத்தில் உழுது வாழ்ந்த ஊராரை நம்பியே அம்முனிவர் தம் பணியை விட்டுச் சென்றார். (இவருடைய அன்னையார் குணமதியாரும் திருமேனி செய்வித்தவர் என்பதைச் சமணர் மலைக் கல்வெட்டு கூறுகின்றது, நம் இல்லத்துப் பெண்மக்கள் இதனை அறிதல் நன்று.)

இக்காவல் பழங்கதையாய்ப் போயிற்றோ என்று நாம் ஐயுற்ற காலம் உண்டு. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுபட்டுக் குழிகளானபோது, நம்மவரில் பெரும்பாலோர் வாளாவிருந்தோம். 2010ஆம் ஆண்டில் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டது. கலையின் பெயராலேயே மலையைக் குடைவதற்கு எழுந்த எண்ணம் அது. சுற்று வட்டார ஊர்மக்கள் எதிர்த்தெழுந்தனர், திட்டம் கைவிடப்பட்டது. கலைக்கு மலை மூலப்பொருளா, மலைக்குக் கலை காப்பா என்பதே அன்று எழுந்த வழக்கு. அச்சணந்தியாரின் சிற்பங்கள் இரண்டாம் பக்கத்துச் சாட்சிகளாக நின்றன.

பின்னர் அரிட்டாபட்டிக்கு வந்தது சோதனை. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. லகர் வல்லூறும் ராஜாளியும் அங்குள்ள பாறைகளில் வாழ்கின்றன. சங்க காலத் தமிழி எழுத்துடைய குகைத்தளமும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவாலயமும், நம் தீர்த்தங்கரர் திருமேனியும் அங்கே அருகருகே உள்ளன. 2024 நவம்பரில், அவ்வூரின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் பரப்பில் டங்ஸ்டன் எடுப்பதற்கான ஏலம் முடிவாயிற்று என்ற செய்தி வெளிவந்தது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரியில் விவசாயிகள் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரைக்குப் பெருந்திரளாய் நடந்து சென்றனர். அம்மாதம் 23ஆம் நாள் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

சிற்பமே மலையைக் காத்தது என்று நாம் மார்தட்டலாகாது. வயலும், கண்மாயும், ஆடுமாடு மேய்ச்சலும், குலதெய்வமும் அம்மக்களை வீதிக்குக் கொணர்ந்தன. ஆயினும் அவ்வழக்கில் சிற்பம் ஆற்றிய பணி சிறிதன்று. சுனையும் பறவையும் தமக்காகப் பேசவொண்ணாதவை. கனிமத்தின் விலையைச் சொல்வோர்க்கு அவை வெறும் நிலம். அங்கே ஒரு திருவுருவமும் நான்கு வரி எழுத்தும் இருந்தமையால், இங்கே இத்தனை நூற்றாண்டுகளாக மனிதர் இருந்தனர், இதனைப் போற்றினர் என்பதை எவரும் மறுக்க இயலவில்லை. அருக சமயத்தவர் அல்லாத ஊரார் தம் மலையின் பெருமையைச் சொல்லும்போது அத்திருமேனியையும் சேர்த்தே சொன்னார்கள். பாதிரிக்குடியார் தம் பொறுப்பைக் கைவிடவில்லை என்றே நாம் கொள்கிறோம்.

நாமோ? மலைக்குச் செல்லும் நம்மவருள் சிலர் பக்தி மேலீட்டால் சிற்பங்களின்மீது எண்ணெயும் சந்தனமும் பூசுகின்றனர். யானைமலை உருவங்களில் பழைய சுதையும் வண்ணமும் இன்னும் ஒட்டியுள்ளன. நம் கைபட்டு அவை உதிர்வது பக்தியாகாது. இது சிறு பிழை, எளிதில் திருத்தலாம். இதனினும் பெரிது ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் ஜினாலயத் திருப்பணியில் முன்மண்டபத் தரைக்குப் பளபளக்கும் கருங்கற் பலகைகளைப் பதித்தோம். நன்கொடையாளர்களைப் பாராட்டினோம், பெயர்ப் பலகையும் வைத்தோம். அக்கல் எந்த மலையினின்று அறுக்கப்பட்டது என்று திருப்பணிக் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. இதனை எழுதும் நாமும் அக்குழுவில் இருந்தோம். அந்தத் தரையில் அமர்ந்துதான் நாடோறும் சாமாயிகம் செய்கிறோம்.